பரீட்சைக்கு ஒரு வாய்

தேர்வுக்கூட நாற்காலியில் சுப்பராயலு பெரியப்பா வாயைத் திறந்ததும் தென்றலுக்கு அழுகையே வந்துவிட்டது.

பற்கள் பளபளவென்று இருந்தன. பொட்டுப் பற்காறை இல்லை.

"இன்னா பெரியப்பா இது?"

"நேத்து படப்பைக்குப் போய் க்ளீன் பண்ணிக்கினு வந்தேம்மா. பெரிய டாக்டருங்க பாப்பாங்க, உனக்கு மானக்கேடா பூடக் கூடாதில்ல?"

சேரப்பணஞ்சேரியில் பக்கத்து வீட்டுக்காரர். நாற்பது வருட வெற்றிலைக் காவி, அதன்மேல் கெட்டிக் காறை. பல் சுத்தம் செய்யும் டிப்ளமோவின் செய்முறைத் தேர்வுக்கு அப்படி ஒரு வாயை மாணவியேதான் கூட்டி வரவேண்டும். தேர்வாளர் முன்னால் காறையைச் சுரண்டி எடுத்துக் காட்டினால்தான் பாஸ். பாஸானால்தான் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு, க்ளினிக்கில் வேலை. தென்றல் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இதுதான் கடைசி வாய்ப்பு.

ஆறு மாதமாக அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். ஆனால் எதற்காக என்று மட்டும் சொல்லவில்லை. உங்கள் வாய் அவ்வளவு அழுக்கு என்று பெரியவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மனுஷர் பாசத்தில் செய்துவிட்டார். திட்டவும் முடியவில்லை.

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நிமிடத்தில் வேறு ஆளைக் கூட்டி வா என்றார்.

ஓரகடம் சாலைக்கு ஓடினாள். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்களிடமெல்லாம், "அண்ணா, கொஞ்சம் வாயைக் காட்டுங்கண்ணா" என்று கெஞ்சினாள். ஒருவன் பயந்து விலகினான். ஒருவன் சிரித்தான், நல்ல பற்கள். கொட்டாவி விட்ட இன்னொருவன் வாயில் அவளுக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. ஷிப்டுக்கு லேட்டாகிறது என்று அவன் பஸ் ஏறிப் போய்விட்டான்.

வெட்கம், மானம் எல்லாம் போய், வெறுங்கையோடு திரும்பினாள்.

நாற்காலியில் அம்மா படுத்திருந்தாள்.

கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவும் லீலா, பெரியப்பாவை ஷேர் ஆட்டோவில் அழைத்து வந்துவிட்டு வெளியே காத்திருந்தவள், விஷயம் கேள்விப்பட்டு உள்ளே வந்திருந்தாள்.

"ஓவர்டைம் பாக்கசொல்ல தூக்கம் வரும். அதான் கன்னத்துல பொகையில அடக்கிக்குவேன். நீ திட்டுவன்னு சொல்லல. பாரு, எவ்ளோ அழுக்கு கீது."

தென்றல் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டாள். கீழ்ப்பற்களின் பின்னால் காறை கட்டிக் கட்டியாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. ஊரெல்லாம் வாய் தேடி அலைந்தவளுக்கு, ஒரு நாள்கூட அம்மாவின் வாயைப் பார்க்கத் தோன்றவில்லை.

சந்தோஷத்தோடு கன்னத்தை ஒதுக்கினாள்.

உள்ளே சதை வெள்ளையாகத் தடித்திருந்தது. நடுவில் ஒரு புண். அதன் ஓரம் கல்லாக இறுகியிருந்தது. கண்ணாடி பட்டதும் ரத்தம் கசிந்தது.

இரண்டு வருடம் படித்தவளுக்கு அது என்னவென்று தெரியாமல் போகுமா? இப்படி ஒரு புண்ணின் படத்தைப் போட்டுத்தான் வாத்தியார் புகையிலைப் புற்று பற்றி ஒரு வகுப்பு முழுக்கப் பேசினார்.

"எவ்ளோ நாளாம்மா கீது?"

"அதுவா? ஒரு வருசமா கீது. வலியே இல்லடி."

தேர்வாளர் மேசையிலிருந்தபடியே, நேரமாகிறது, ஆரம்பி என்றார்.

தென்றலால் கருவியை எடுக்க முடியவில்லை.

மகள் தயங்குவதைப் பார்த்து அம்மா பதறிப்போனாள்.

"இன்னாடி, அழுக்கு பத்தலையா?"