தாம்பரம் வரை ஒரு கொலை

மூன்றாவது நாளாக ஜன்னலோர சீட்டு ஆள் இல்லாமலே வந்தது. செங்கல்பட்டு – பீச் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், காலை ஏழரை மணிக் கூட்டத்தில், இது லேசுப்பட்ட விஷயமா? தெய்வநாயகி அந்த சீட்டில் டிபன் பையை வைத்து, பையின் மேல் கையை வைத்து, கேட்டவர்களிடமெல்லாம் ஆள் வருது என்று முறைத்துக்கொண்டிருந்தாள்.

சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷன் வந்தது. அங்கே ஏற வேண்டிய ரேணுகா இன்றும் ஏறவில்லை.

"பாவம், அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சோ" என்றாள், பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சைதூன். குரோம்பேட்டையில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறவள்.

"அதுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. கொலைகாரன் யாருன்னு சொல்லாம எங்க பூட்ச்சி அது?" என்றாள் தெய்வநாயகி.

கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் இதே பெட்டியில் ரேணுகா ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இன்னொரு கையில் தலையணை தண்டிக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை வைத்து முட்டி மோதிப் படித்துக்கொண்டிருந்தாள். கதைப் புக்கா என்று கேட்டது தெய்வநாயகிதான். ஆ... ஆமாம் என்று அவள் இழுக்க, அப்படியானால் உட்கார்ந்து எங்களுக்கும் தமிழில் படித்துச் சொல்லு என்று நகர்ந்து இடம் கொடுத்ததும் இவளேதான்.

அன்றைக்குப் பிடித்தது பெட்டிக்கே பைத்தியம். கரீபியன் கடலில் சாந்தா லூனா என்று ஒரு தீவு. அங்கே கரும்புத் தோட்ட முதலாளி, உள்பக்கம் பூட்டிய கலங்கரை விளக்கத்துக்குள் முதுகில் கத்தியோடு கிடக்கிறான். டாக்டர், வக்கீல், சமையல்காரி, முதலாளியின் இளம் மனைவி என்று நாலு பேர் மேலும் சந்தேகம். கடல் என்றால் தெய்வநாயகிக்கு மாமல்லபுரம் கடல்தான், லைட் ஹவுஸ் என்றாலும் அங்கே மூச்சு வாங்க ஏறிப் பார்த்ததுதான். அவளைப் பொறுத்தவரை கொலை நடந்தது மாமல்லபுரத்தில், தென்னை மரம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ரேணுகா படிக்கிற அழகே அழகு. பக்கத்தைத் திருப்பித் திருப்பி, மனைவிக்காக விசும்புவாள், வக்கீலுக்காகத் தொண்டையைச் செருமுவாள். அவள் இறங்குகிற தாம்பரம் வரும்போது அத்தியாயம் கச்சிதமாக முடியும். ஊரப்பாக்கத்தில் சிக்னல் கிடைக்காமல் வண்டி முக்கால் மணி நேரம் நின்ற அன்றும் தாம்பரத்தில்தான் முடிந்தது. அன்றைக்கு அத்தியாயம் பெரிசு என்று பெட்டியில் எல்லோருக்கும் ஏக சந்தோஷம்.

சைதூன் டாக்டர் கட்சி. தெய்வநாயகியோ, அந்தப் பொண்டாட்டிக்காரிதான் என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தாள். வீட்டில் புருஷன் அப்பாசாமி ரசத்தில் உப்பு எங்கே என்று கேட்டால், லைட் ஹவுஸ் சாவி வக்கீலிடம் இருக்கிறது என்று பதில் வந்தது. மனுஷன் கட்டிய நாளிலிருந்து இவளை இவ்வளவு குஷியாகப் பார்த்ததில்லை என்பதால் உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதில்தான் இடி விழுந்தது. வெள்ளிக்கிழமையோடு தெய்வநாயகிக்கு ரிட்டையர்மென்ட். முப்பத்தோரு வருஷம் எழும்பூர் ஆபீஸில் ஃபைல் தூக்கியாயிற்று. அதற்கப்புறம் ரயிலும் கிடையாது, கதையும் கிடையாது. திங்கட்கிழமை ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் போறதுக்குள்ள முடிச்சிடும்மா என்று கெஞ்சினாள். ரேணுகா புத்தகத்தை மூடிப் பையில் திணித்துக்கொண்டு தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆளைக் காணோம், போனும் ஸ்விட்ச் ஆஃப். இன்றைக்கு வியாழன். கொலைகாரன் பெயர் தெரியாமலே வீட்டில் உட்கார்ந்து பென்ஷன் வாங்குவதை நினைத்தால் தெய்வநாயகிக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் திரும்பும்போது சைதூனையும் இழுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள்கோயிலில் இறங்கிவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டார்கள். ஸ்டேஷன் வாசலில் இருந்த பூக்காரம்மாவிடம் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினார்கள்.

திறந்தது ரேணுகாவேதான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆனால் மூன்று நாளாகத் தலை வாராத கோலம். கூடம் முழுக்கக் கசக்கி எறிந்த காகிதங்கள். இவர்களைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள்.

தெய்வநாயகி நலம்கூட விசாரிக்கவில்லை. பழுப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகம் நாற்காலியில் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். ஹார்லிக்ஸைச் சைதூன் கையில் திணித்துவிட்டு, ஒரே எட்டில் போய் எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து, ரேணுகாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"எனக்கு இங்கிலீசு வராது. நாளைக்கு வரைக்குல்லாம் தாங்காது. யாரு பேரு போட்டுக்கீதோ, படி."

ரேணுகா புத்தகத்தைப் பார்த்தாள், தெய்வநாயகியைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

"இது குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கிற கைடு, அக்கா" என்றாள். "கொலைகாரனா யாரைப் போடலாம், நீங்களே சொல்லுங்க."