கொட்டகை இருமல்

ஸ்ரீநாத்துக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பாரிவாக்கத்தில் அவன் புதிதாகக் குடிவந்த ஃப்ளாட்டுக்குக் கீழே, பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகையிலிருந்து ஓயாத இருமல். மார்கழிப் பனியில் வாயில்லா ஜீவன் படும் பாட்டை நினைத்து அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. விடிந்ததும் குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆடு வளர்க்கும் செலினின் வாசலில் போய் நின்றான்.

“ஏம்மா, இந்தக் குளிர்ல அதை வெளியே போட்டு வெச்சிருக்கீங்களே, நியாயமா?”

“சுத்தியும் சாக்கு கட்டி, வைக்கலு போட்டுத்தான் சார் வுட்டுக்கிறேன்.”

“சாக்கு போதுமா? மருந்து குடுத்தீங்களா?”

“ஓமவல்லி கசாயம் வெச்சேன். மூஞ்சியத் திருப்பிக்குது சார்.”

“உள்ளே படுக்க வெச்சா என்ன?”

“ஐய, லொக்கு லொக்குனு இருமிகினே கீது. யாரு தூங்கறது?”

ஸ்ரீநாத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்போனை எடுத்தான்.

“மிருகவதைன்னு புகார் குடுத்தா என்னாகும் தெரியுமா?”

“இன்னா சார் மிருகவதை? ஆடு நேத்து குட்டி போட்டுக்குது. குட்டிங்களோட உள்ள, கட்டில்ல, என் கம்பளிய போத்திகினு படுத்துகினு கீது. வந்து பாரு!”

“அப்போ கொட்டகையில இருமறது?”

“எங்க ஊட்டுக்காரரு. அந்த இருமலு குட்டிங்களுக்கு ஒட்டிகினா இன்னா பண்றது?”

ஸ்ரீநாத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்பாடா, நல்லவேளை! நான் பயந்தே போய்ட்டேன்” என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினான்.

கொட்டகைச் சாக்கு விலகி, மப்ளர் சுற்றிய தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

“சார், மனுசவதைக்கு எதுனா நம்பர் கீதா?”