கார்சாஸ் நிறுத்தத்தில் எத்தனை பேர்?

"மூணு வருஷமா கார்சாஸ் நிறுத்தத்துல ஒரே ஒரு டிக்கெட்கூட விற்கலை. அங்கே புது ரயிலை எதுக்கு நிறுத்தணும்? நீங்களே சொல்லுங்க."

சாந்தியாகோவிலிருந்து வந்திருந்த ரயில்வே அதிகாரி ரொக்சானா கணக்குத் தாளை மேசைமேல் வைத்தார். தீயணைப்பு நிலையக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது.

கடைசி பெஞ்சில் கார்சாஸ்காரர்களோடு குளோரிந்தா உட்கார்ந்திருந்தாள். ஆற்றங்கரையில் கார்சாஸ் என்று இருப்பதே எட்டு வீடுகள்தான். மூன்று வருஷத்துக்கு முன் வந்த வெள்ளம் பாலத்தையும் திராட்சைத் தோட்டங்களையும் வாரிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பழைய ஒற்றைப்பெட்டி ரயிலை விட்டால் வெளியே வர வேறு வழி கிடையாது. அவள் புருஷன் ஒசியேலுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். புது ரயில் நிற்காவிட்டால் அவன் கதி என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எட்டு வீட்டுக்காக நாங்க எல்லாரும் ஏன் லேட்டாப் போகணும்?" என்றார் ஹார்டுவேர் கடை பசிலியோ. "நகரத்துக்கு ஒன்றரை மணி நேரத்துல போயிடும்னுதானே புது ரயிலே கேட்டோம்? எவன் கையைக் காட்டினாலும் நிக்கிறதுக்கு அது என்ன மாட்டுவண்டியா?"

கூடம் சிரித்தது.

"மாட்டுவண்டியே தேவலாம்!" என்று எழுந்தாள் ஓர்தென்சியா. குளோரிந்தாவின் பக்கத்து வீட்டுக்காரி. வாய்க்குப் பூட்டே கிடையாது. "உங்க புது ரயிலுக்குக் கதவு இடுப்பு உசரத்துல இருக்காமே? நாங்க என்ன, ஏணியத் தூக்கிட்டு வரணுமா?"

"மேடை கட்டித் தர்றோம்மா. அதுக்குத்தான் கணக்கு கேட்கிறோம்," என்றார் ரொக்சானா பொறுமையாக. "ஒரு நாளைக்குப் பத்து பேராவது காசு கொடுத்து ஏறணும். அப்பத்தான் மேடையும் உண்டு, ரயிலும் நிற்கும். ஓசியில போறவங்களை எங்க விதி பயணின்னே ஒத்துக்காது."

"தினமும் நாங்க போறோமே! எங்களைப் பார்த்தா என்ன பேய் மாதிரியா இருக்கு?"

"போறீங்கன்னா டிக்கெட் எங்கே?"

ஓர்தென்சியா உட்கார்ந்துவிட்டாள்.

பசிலியோவுக்குத்தான் பொறி தட்டியது. "இருங்க, இருங்க. இவங்க இறங்கிப் போறதை நானே தினம் பார்க்கிறேன். ஆள் உண்டு, டிக்கெட் இல்லை. அப்போ காசு யார் பைக்குப் போச்சு? கார்சாஸ்ல கவுன்டர் கிடையாது. ரயிலுக்குள்ளே டிக்கெட் கிழிக்கிறது ஒரே ஒரு ஆள்தான்!"

எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. அங்கே தொப்பியைக் கையில் பிடித்தபடி கண்டக்டர் அப்தோன் நின்றிருந்தார். முப்பத்தோரு வருஷமாக அதே ரயில். வரும் மார்ச்சில் ஓய்வு. குளோரிந்தாவின் மகளுக்கு ஞானத்தகப்பனும் அவர்தான்.

"அடப்பாவி! வெள்ளத்துல எல்லாத்தையும் பறிகொடுத்தவங்ககிட்டயா கைவரிசையைக் காட்டினே?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"இந்த வயசுல உனக்கு இந்தப் புத்தியா?"

குளோரிந்தாவுக்கு முகம் எரிந்தது. எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் ஒசியேல் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்தோன் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அவசரமில்லாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தன்மேல் அவர் கண் வந்தபோது குளோரிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். மகளின் ஞானத்தகப்பனை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு அவ்வளவு கூசியது. ஏதோ சொல்ல அவள் உதடு அசைந்தது. ஓர்தென்சியா முழங்கையால் இடித்தாள். "பேசாம இருடி."

"அப்தோன் சார், நேராவே கேட்கிறேன்," என்றார் ரொக்சானா. "இவங்ககிட்ட காசு வாங்கிட்டு டிக்கெட் கொடுக்காம விட்டீங்களா? ஆமான்னா இன்னையோட வேலை போயிடும். ஓய்வுல வர வேண்டிய தொகையும் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வாங்கினேன் மேடம்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்தான்."

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் இருப்பாங்க?"

"பதினாலு பேர். கொட்டுற மழையா இருந்தாலும் பதினாலு குறையாது. நல்லாப் பார்த்து எழுதிக்குங்க மேடம்."

ரொக்சானா பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பதினாலு என்று எழுதினார். "அப்படின்னா கார்சாஸுக்கு மேடை உண்டு. புது ரயில் அங்கே நிற்கும்," என்றவர், அப்தோனிடம் கையை நீட்டினார். அவர் டிக்கெட் பையைத் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

"திருட்டுப் பய!" என்று பசிலியோ அவர் காலடியில் காறித் துப்பினார். அதைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து அப்தோன் வெளியே போனார்.

கடைசி பெஞ்சில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெள்ளம் வந்த நாளிலிருந்து அவர்களில் யாரிடமும் அவர் ஒரு பேசோ காசுகூட வாங்கியதில்லை. குளோரிந்தா ஒவ்வொரு தடவை காசை நீட்டியபோதும், "முதல்ல புருஷன் உடம்பைப் பாரும்மா" என்று அவள் விரல்களை மடக்கிவிட்டுத்தான் அடுத்த இருக்கைக்குப் போயிருக்கிறார்.