திருப்பிக் கொடுத்த இடம்

செல்லங்களா, ஒஹாயோவில் ஒரு கல்லூரியில் கணினிக்கான சி மொழி சொல்லிக்கொடுத்த கிரெப்ஸ், தப்புப் பண்ணுகிறவர்களைக் கரப்பான்பூச்சியைப் போலப் பார்ப்பான்.

உதவிக்குக் காத்திருக்கும் மாணவர்களின் பெயர்களைக் காட்டும் புரோகிராம் ஒன்றை அவனுடைய மாணவி மாரிபெல் எழுதியிருந்தாள். இதில் தேறாவிட்டால் அவளுடைய உதவித்தொகை போய்விடும். ஒரு பெயரை நீக்கி, அது இருந்த நினைவக இடத்தையும் கணினிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் நினைவகத்தில் இடத்தைச் சுட்டிக்காட்டும் அவளுடைய பாயிண்டர் இன்னும் அந்த இடத்தையே காட்டியது.

"காலி பண்ணின வீட்டுக் கதவைத் தட்டுறியே அம்மணி, உள்ள யாரு, உன் மாமியாரா? குப்பைதான் வரும். ஓட்டிப் பாரு," என்றான் கிரெப்ஸ்.

ஓட்டினாள். 'லோரெட்டா பைக்' என்று வந்தது.

"யாரு சார் இது? நான் இந்தப் பேரை அடிக்கவே இல்லையே!"

போன பருவத்தில் அவன் ஏச்சுக்கு அழுது, இதே அறையைவிட்டு எழுந்துபோனவள் லோரெட்டா. மார்ச்சில் அவளை அடக்கம் செய்தார்கள்.

"பழைய குப்பை," என்று கிரெப்ஸ் தானே பாயிண்டரை வெறுமையாக்கினான். இனி அது எந்த இடத்தையும் காட்டக்கூடாது. மறுபடி ஓட்டினான். அதே பெயர் வந்தது. பக்கத்தில் 'காத்திருக்கிறார்' என்றும் வந்தது.

"பாஸ் போட்டுட்டேன், கிளம்பு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மாரிபெல் போய்விட்டாள். அவள் விட்டுப்போன நாற்காலியின் மெத்தை மெல்ல அழுந்தியது. பிறகு நாற்காலி தன் சக்கரங்களில் அவன் பக்கமாக உருண்டு வந்தது.