பேனா மூடிய கை

ஃபிரெஸ்னோ நகரத்தின் ஜூலை வெயில் கல்லூரி ஆய்வக ஜன்னல் வழியாக மேசைமேல் கோடுகோடாக விழுகிறது. நீண்ட உலோகத் தடத்தின் துளைகளிலிருந்து காற்று சீறுகிறது. அதன்மேல் சிறிய வண்டியொன்று தொட்டும் தொடாமலும் மிதக்கிறது. மரிசோலின் கையில் வழக்கம்போல் பேனா. கோடைக்கால இயற்பியல் வகுப்பு தொடங்கிய நாள் முதல் அவர்கள் குழுவில் வண்டியை விடுவது டெரிக் என்ற மாணவன், நேரம் பார்ப்பது கோடி என்ற இன்னொருவன், எண்களை எழுதுவது அவள். நாளை செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவரும் தனியாக இந்த வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் பொறியியல் படிப்பில் அவளுடைய இடம் போய்விடும். "இன்னைக்கு நான் விடறேன்," என்கிறாள். "நீ எழுதும்மா, உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு," என்று டெரிக் சிரிக்கிறான். "நாளைக்கு நீ வந்து எனக்கு ஓட்டித் தருவியா?" "கோவிச்சுக்காத தாயே, பசிக்குது. சட்டுனு முடிச்சிட்டுப் போலாம்," என்று கோடி நிறுத்துக் கடிகாரத்தின் பொத்தானை அழுத்துகிறான். வண்டியைப் பிடித்திருக்கும் விரலை டெரிக் எடுப்பதற்குள் மரிசோல் பேனாவை மூடி வைத்துவிட்டு, வண்டியின்மேல் உள்ளங்கையை அழுத்துகிறாள். மிதந்த வண்டி தடத்தில் உரசிக் கிறீச்சிடுகிறது. "ஏய், கைய எடு. கீறல் விழும்," என்கிறான் டெரிக். "நீ எடு," என்கிறாள், குரலை உயர்த்தாமல். டெரிக் கோடியைப் பார்க்கிறான். கோடியின் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எழுத ஆளில்லை.