பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்

கடலை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவளின் கை வழுக்கியது. களைக்கொத்து அவள் விரலையே வெட்டிவிட்டது. வேலை நின்றது.

"இதுதான் சமயம்!" என்றது கடலைச் செடிகளுக்கு நடுவே களையாக நின்ற காயப்பச்சிலைப் பூண்டு ஒன்று. "ரத்தம் நிற்காவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவாள். நாளைக்குள் நம் விதைகள் முற்றிப் பறந்துவிடும். எல்லோரும் கடலை இலைக்குள் குனியுங்கள். ஒருத்தரும் அகப்படக் கூடாது."

பூண்டுகள் எல்லாம் குனிந்தன.

"காயப்பச்சிலை இங்கேதானே இருக்கும்?" என்று அவள் தேடினாள்.

பக்கத்துப் பூண்டு மெல்லத் தலையைத் தூக்கியது.

"குனியடா, மடையா!"

"பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளே, அண்ணே! இத்தனை நாளும் களை என்றுதானே சொன்னார்கள்?" என்று அது நிமிர்ந்தே நின்றது.

அவள் அதன் இலைகளை உருவி, கசக்கிக் காயத்தில் பிழிந்தாள். ரத்தம் நின்றது. களைக்கொத்து மறுபடி இறங்கியது. முதல் கொத்து அந்த மொட்டைத் தண்டின் மேல்தான் விழுந்தது.

"ஐயா, நான் காயப்பச்சிலை!"

"தெரியுமப்பா" என்றது களைக்கொத்து. "அடுத்த வயலிலும் ஒருத்தன் இருப்பான்."

அன்று மாலை காற்று நன்றாகத்தான் வீசியது. வரப்பில் குவிந்து கிடந்த பூண்டுகளிடம் பறக்கும் பக்குவத்தில் ஒரு விதைகூட இல்லை.