ஒரு மணிக்குப் போகும் லைன்

"அம்மா, மறுபடியும் போயிருச்சும்மா!"

கிருத்திகா மடிக்கணினியை வெறித்துப் பார்த்தாள். 'இணைப்பு துண்டிக்கப்பட்டது.' மணி சரியாக ஒன்று. இது மூன்றாவது நாள்.

"எந்தப் பாவி பண்றானோ! அவன் கை வெளங்காமப் போக!" என்றபடியே அமுதவல்லி சோற்றுத் தட்டோடு வந்தாள். "லைன் வர்ற வரைக்கும் ரெண்டு வாய் சாப்பிடு சாமி."

சாப்பாடா இப்போது முக்கியம்?

சங்ககிரி லாரி ஆபீசில் லோடுக்கு பில் போடுவது கிருத்திகாவின் வேலை. பில் போடும் சாஃப்ட்வேர் ஆபீஸ் கணினியில் மட்டும்தான் இருந்தது. போன வாரம் ஆபீஸ் படியில் சறுக்கியதில் கணுக்காலுக்கு மாவுக்கட்டு. ஆட்டையாம்பட்டி வீட்டிலிருந்தே அந்தக் கணினியை இயக்கி வேலையை முடித்துத் தருகிறேன் என்று கெஞ்சித்தான் அனுமதி வாங்கியிருந்தாள்.

முதலாளி ஜெகதீஸ்வரன் ஒரு வாரம் தவணை கொடுத்தார். "சனிக்கிழமை வரைக்கும் பாப்பம்மா. லைன் நின்னு நின்னு வந்துச்சுன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன். தப்பா நெனைக்காதே."

கிருத்திகாவின் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். வேலை போனால், 'படிச்சு என்னத்தக் கிழிச்சா?' என்று கேட்கத் தெருவே காத்திருந்தது.

திங்கட்கிழமை ஒரு குறையும் இல்லை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவள் நாலு மணிக்குத்தான் நிமிர்ந்தாள். செவ்வாய்க்கிழமை பிடித்தது சனி. பகல் ஒரு மணிக்கு லைன் போகும். ஒன்றரைக்குத் தானாக வரும்.

அவளும் விடவில்லை. ஆபீஸ் கணினி தானாகத் தூங்கிப்போகிற அமைப்பை மாற்றினாள். ஆபீஸ் நெட்வொர்க்கில் அதன் முகவரி மாறிவிடுகிறதோ என்று மாறாத முகவரி ஒன்றைக் கொடுத்தாள். கரண்ட் ஆபீசுக்கே போன் போட்டு, "ஏனுங்க, தெனம் ஒரு மணிக்கு சங்ககிரியில கரண்ட்டை நிறுத்தறீங்களா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைதான் பிடி கிடைத்தது. லைன் போன நேரத்தில் சோதித்தால், ஆபீஸ் ரவுட்டர் பதில் சொன்னது. அங்கிருந்த அவள் கணினி மட்டும் மூச்சு விடவில்லை. ஒன்றரைக்கு அது உயிர் பெற்றதும் உள்ளே புகுந்து, அதன் பதிவுகளைப் புரட்டினாள். நாலு நாளும் ஒரே குறிப்பு. கணினியை முறையாக நிறுத்தாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது.

யாரோ சுவிட்சை அணைக்கிறார்கள்!

ஒரு மணிக்கு முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். ஆபீசில் இருப்பது ராசப்பன் மட்டும். முப்பது வருஷம் லாரி ஓட்டிவிட்டு இப்போது ஆபீசைப் பார்த்துக்கொள்பவர். கால் முறிந்த அன்று அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். அவரா?

போன் போட்டாள். "ஏனுங்கய்யா, என்ற கம்ப்யூட்டரை மத்தியானம் யாராச்சும் அணைக்கறாங்களா?"

"எலி கிலி ஒயரைக் கடிச்சிருக்கும் சாமி."

"எலி ஒரு மணிக்கு வந்து கடிச்சிட்டு, ஒன்றரைக்கு வந்து ஒட்ட வெச்சிட்டுப் போகுதுங்களா?"

"இந்தக் காலத்து எலி எல்லாம் செய்யும், பாத்துக்க" என்று போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை முதலாளியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் குரல் உயர்ந்தது. "பேரை மட்டும் எழுதி அனுப்பும்மா. எவனா இருந்தாலும் இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிடறேன்."

போனில் 'ராசப்பன்' என்று அடித்தாள். அனுப்ப விரல் வரவில்லை. சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? இன்றைக்கும் ஒரு மணி வரட்டும். லைன் போன நொடியே கூப்பிட்டு, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. பக்கத்து அறையில் காலையிலிருந்து தடதடத்துக்கொண்டிருந்த அம்மாவின் விசைத்தறி நின்றது.

ஒரு மணி. திரை கறுத்தது.

ராசப்பனைக் கூப்பிட்டாள். 'நீங்கள் தொடர்பு கொள்ளும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்...'

தறிச் சத்தம் ஓய்ந்த வீட்டில், சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அணைச்சுட்டீங்களாண்ணா?... சரிங்க, சோறு போட்டுட்டேன். விட்டா திங்கக்கிழமையாட்டம் நாலு மணி வரைக்கும் பட்டினி கெடப்பா. தறிக்கே அரை மணி ஓய்வு குடுக்கறோம், புள்ளைக்கு வேண்டாமுங்களா?... கேட்டா எலின்னே சொல்லுங்க."

கிருத்திகா போனில் அடித்து வைத்திருந்த பேரை அழித்தாள். புதிதாக எழுதினாள். 'சார், வேறு யார் மேலும் தப்பில்லை, தவறு என்னுடையது. சாப்பிடாமல் வேலை பார்த்திருக்கிறேன். இனி ஒன்று முதல் ஒன்றரை வரை எனக்குச் சாப்பாட்டு நேரம். அப்போது மட்டும் லைன் இருக்காது.'

அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

'இவ்வளவுதானா? நானும் சாப்பிட்டுட்டுதான் இருக்கேன். கால் சரியாகற வரைக்கும் வீட்ல இருந்தே பாரும்மா.'

அமுதவல்லி தட்டோடு வந்தாள். "மறுபடியும் போயிருச்சா சாமி? எந்தப் பாவி பண்றானோ, அவன் கை வெளங்..."

"சாபம் விடாதம்மா" என்று தட்டை வாங்கிக்கொண்டாள் கிருத்திகா. "அஞ்சு நாளா எனக்கு நேரத்துக்குச் சோறு போடற கை அது."